எரிவதும் அணைவதுமாக ஒரு பாய்லர்

வீட்டை சூடாக்கும் கேஸ் பாய்லர் பற்றிக்கொள்ளும், ஓரிரு நிமிடம் ஓடும், அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி பற்றும், மறுபடி அணையும். நாள் முழுக்க இதே கதைதான். பாய்லரின் சூடான தண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில், மாடியில் தொட முடியாத சூடு, கீழே வெதுவெதுப்புகூட இல்லை. சில சமயம் சிவப்பு விளக்கு எரிந்து மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். ரீசெட் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி உயிர் வரும். குழாயில் வரும் வெந்நீரும் இதே பாய்லரிலிருந்துதான், தனித் தொட்டி கிடையாது. இந்த விவரம் பின்னால் ரொம்ப உதவியது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாய்லர் நின்றால் கை தானாக ரீசெட்டுக்குத்தான் போகும். ஆனால் ரீசெட் அழுத்தியதும் திரையில் இருந்த கோளாறு எண் மறைந்துவிடுகிறது. அதனால் வீட்டில் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வைத்தேன்: பூட்டிக்கொண்டால் முதலில் திரையை போனில் படம் எடுங்கள், அப்புறம் அழுத்துங்கள். சேர்ந்த படங்களைக் கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே எண்; போகும் தண்ணீருக்கும் திரும்பி வரும் தண்ணீருக்கும் இடையே வெப்ப வித்தியாசம் அளவுக்கு மேல் போய்விட்டது என்று அதற்குப் பொருள். பற்றவைப்புக் கோளாறுக்கான எண் ஒருமுறைகூட வரவில்லை. இந்த எண்கள் என்ன நடந்தது என்று சொல்லும், ஏன் நடந்தது என்று சொல்லாது. அதே எண்ணுக்குப் பின்னால் பம்ப் இருக்கலாம், அடைப்பு இருக்கலாம், பொய் சொல்லும் சென்சாரும் இருக்கலாம்.

தானாக நின்று தானாகத் தொடங்குவதும், பூட்டிக்கொண்டு ஆளை எதிர்பார்ப்பதும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதில் தண்ணீர் குறித்து வைத்த சூட்டைத் தொட்டதும் பாய்லர் நெருப்பை நிறுத்துகிறது. இது அதன் அன்றாட வேலை. இரண்டாவதில் ஏதோ ஒரு பாதுகாப்பு எல்லை மீறப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்தன. இரண்டுக்கும் ஒரே வேர்தானா என்பதுதான் கேள்வி.

எது வரை நான் கை வைப்பேன் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொண்டேன். முன்பக்க மூடியைத் திறக்கவில்லை. பல மாடல்களில் அந்த மூடியே எரிப்பறையின் காற்றுப்புகா அடைப்பில் ஒரு பகுதி. கழற்றிச் சரியாக மூடாவிட்டால் புகை வீட்டுக்குள் வரும். அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாய்லர் இருக்கும் வீட்டில் அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும், அதைச் சோதித்துப் பார்ப்பதும் வேண்டும். கேஸ் சம்பந்தப்பட்ட எதையும் உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும். ஆனால் தண்ணீர்ப் பக்கம் வீட்டுக்காரரே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் அழுத்தமானி. குளிர்ந்த நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். எங்களுடையது 1.2, சூடானபோது 1.6. இந்தச் சின்ன ஏற்றமே ஒரு நல்ல செய்தி. சூடான தண்ணீர் விரிவடையும்போது அதற்கு இடம் கொடுக்க உள்ளே ஒரு விரிவுக் கலம் உண்டு. ரப்பர் சவ்வுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். அதில் காற்று போய்விட்டால் முள் 1-லிருந்து 3-ஐ நோக்கித் தாவும். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும், ஆறியதும் அழுத்தம் சுழியத்துக்கு இறங்கி பாய்லர் நின்றுவிடும். அடிக்கடி நிற்கும் பாய்லர்களில் இது ரொம்ப சகஜமான காரணம். எங்கள் வீட்டில் அது இல்லை. கழிவுநீர்க் குழாயிலும் சிக்கல் இல்லை. எங்களுடையது கண்டென்சிங் வகை பாய்லர்; அதில் புகையிலிருக்கும் நீராவி குளிர்ந்து சொட்டும். அந்தக் குழாய் அடைத்தாலோ கடுங்குளிரில் உறைந்தாலோ கொடகொடவென்று சத்தம் வந்து பாய்லர் நிற்கும். அப்படி எந்தச் சத்தமும் வரவில்லை.

அப்புறம் செய்த சோதனைதான் பாதித் துப்பைக் கொடுத்தது. வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு பாய்லர் முன்னால் நின்றேன். பத்து நிமிடத்துக்கும் மேலாக ஒரு தடங்கல் இல்லாமல் எரிந்தது. கேஸ் வரத்து, விசிறி, புகைப் போக்கு, பற்றவைப்பு, சுடரை உணரும் முனை ஆகிய எல்லாமே இரண்டு வேலைக்கும் பொது. சுடர் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்துத்தான் நெருப்பு இருக்கிறதா என்று பாய்லர் கண்டுபிடிக்கிறது. அந்த முனை அழுக்கடைந்திருந்தால் வெந்நீர் ஓடும்போதும் நின்றிருக்கும். முழு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். வெந்நீருக்குப் பெரும்பாலும் முழு வேகத்தில் எரியும், சுடர் குறைவாக இருக்கும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறும் உண்டு. இருந்தாலும் சந்தேகம் நெருப்பை விட்டு ரேடியேட்டர் வட்டத்துக்கு நகர்ந்தது. வெந்நீர் எடுக்கும்போது பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் உள்ளேயே ஒரு குறுகிய வட்டம் அடித்துத் திரும்பிவிடும், வீடு முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை.

அறைத் தெர்மோஸ்டாட்டையும் ஒதுக்கிவிடலாம் என்று அதை 30-க்கு ஏற்றி வைத்தேன். அது நிறுத்தச் சொல்ல வழியே இல்லை. அப்படியும் பாய்லர் நின்றது.

சரி, நிற்கும் அந்த நேரத்தில் என்னதான் நடக்கிறது? திரையில் தண்ணீரின் வெப்பநிலை தெரியும் வசதி இருந்தது. குறித்து வைத்த அளவு 75 டிகிரி. நெருப்பு பற்றியதும் 40-லிருந்து கிடுகிடுவென ஏறி, இரண்டு நிமிடம் ஆவதற்குள் 80-ஐத் தொட்டது. நெருப்பு அணைந்தது, பம்ப் மட்டும் ஓடியது, எண் அதே வேகத்தில் இறங்கியது. அடியில் இருக்கும் குழாய்களில் கை வைத்துப் பார்த்தேன். போகும் குழாயில் விரலை வைத்திருக்க முடியவில்லை, திரும்பும் குழாய் லேசான வெதுவெதுப்பு. இரண்டுக்கும் இடையே 20 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம், பல ரேடியேட்டர் அமைப்புகள் அந்தக் கணக்கில்தான் போடப்படுகின்றன. இங்கே அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும் என்று கையே சொன்னது. குழாயில் மாட்டும் வெப்பமானி இரண்டு வாங்கி மாட்டியதும் அது உறுதியானது.

அதாவது பாய்லர் சூட்டை உண்டாக்குகிறது, அதை எடுத்துக்கொண்டு போகத் தண்ணீர் போதவில்லை. உள்ளே நிற்கும் கொஞ்சத் தண்ணீர் சட்டென்று கொதிநிலை நோக்கிப் போகிறது, பாய்லர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நெருப்பை அணைக்கிறது. சில சமயம் வித்தியாசம் எல்லை தாண்டிப் பூட்டிக்கொள்கிறது. இரண்டு வகை நிற்றலுக்கும் ஒரே வேர்தான்.

தண்ணீர் ஏன் ஓடவில்லை? ரேடியேட்டர் வால்வுகளிலிருந்து தொடங்கினேன். தானே மூடித் திறக்கும் தலைப்பாகத்தைக் கழற்றினால் உள்ளே சின்ன ஊசி ஒன்று தெரியும். அழுத்தினால் உள்ளே போய் விட்டால் மேலே வர வேண்டும். கீழ்த்தளத்தில் இரண்டு வால்வுகளில் ஊசி உள்ளேயே இறுகிக் கிடந்தது. லேசாகத் தட்டி, மேலும் கீழும் அசைத்ததில் இளகியது. இடுக்கியால் பிடித்து இழுக்கக் கூடாது. கையோடு வந்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்.

அடுத்து காற்று. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டராகக் காற்றுத் திருகைத் திறந்தேன். கொஞ்சம் காற்று வந்தது, பின்னாலேயே தண்ணீர் வந்தது, கறுப்பாக. (காற்று போகும் இடத்தில் நெருப்பு எதையும் காட்டாதீர்கள். உள்ளே இரும்பு அரிக்கப்படும்போது ஹைட்ரஜனும் உண்டாகும், அது தீப்பிடிக்கும்.) அந்தக் கறுப்பு மேக்னடைட் எனப்படும் இரும்பு ஆக்ஸைடு. ரேடியேட்டரின் எஃகு மெல்ல மெல்ல அரிபட்டு வரும் துகள். ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்திருந்தால் காற்று, அடிப்பகுதியின் நடுவில் குளிர்ந்திருந்தால் சேறு என்பார்கள். எங்கள் ஹால் ரேடியேட்டர் அடிப்பகுதி சில்லென்று இருந்ததற்கு விளக்கம் கிடைத்தது.

திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று இருந்தது. இருபக்க வால்வுகளை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, மூடியைத் திறந்தால் காந்தமே கண்ணுக்குத் தெரியவில்லை. மை போலக் கனமான கறுப்புக் குழம்பு அப்பியிருந்தது. பழைய துணியும் வாளியும் முன்கூட்டியே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கறை தரைவிரிப்பில் பட்டால் போகாது. கழுவி மாட்டி, இருபக்க வால்வுகளைத் திறந்து, குறைந்த அழுத்தத்தை நிரப்பு குழாய் வழியாக மறுபடி 1.2-க்கு ஏற்றி, நிரப்பு குழாயின் வால்வுகளை இறுக மூடினேன். பாய்லர் முன்பைவிட நீண்ட நேரம் ஓடியது. பூட்டிக்கொள்வதும் குறைந்தது. ஆனால் தீரவில்லை, வெப்பமானிகளில் வித்தியாசம் 30-க்குக் கீழே இறங்கவில்லை.

இனி மூடியைத் திறக்க வேண்டிய கட்டம். தகுதியுள்ள டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவரிடம் கோளாறு எண் படங்களையும் வெப்பமானிக் குறிப்பையும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சர்க்யூட் போர்டைப் பற்றிப் பேசவே இல்லை. நேராகத் தண்ணீர்ப் பக்கம் போனார். ஒரு போர்டு, அப்புறம் இன்னொரு பாகம் என்று மாற்றிக்கொண்டே போவதுதான் இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பயப்படும் விஷயம். கையில் தகவல் இருந்தால் அதற்கு இடம் குறைகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் இரண்டு வெப்ப சென்சார்களின் மின்தடையை அளந்தார். பல பாய்லர்களில் இவை 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும், சூடு ஏற ஏற எண் குறையும். இரண்டும் ஒழுங்காக இருந்தன. அப்புறம் பம்பின் தலையைக் கழற்றினார். சுழலும் சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவில் அதே கறுப்புச் சேறு இறுகிப் போயிருந்தது. மோட்டார் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, தண்ணீரைத் தள்ளும் இடம்தான் அடைத்துக் கிடக்கிறது.

“அடிக்கடி தண்ணீர் ஏற்றுகிறீர்களா?” என்று கேட்டார். ஆமாம், சில வாரத்துக்கு ஒருமுறை முள் கொஞ்சம் இறங்கும், ஏற்றுவோம். உடனே ரேடியேட்டர் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் இருந்த ஒன்றின் நட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. சொட்டு சொட்டாகக் கூட இல்லை, கசிவு. சூட்டில் அவ்வப்போதே உலர்ந்துவிடுவதால் கண்ணில் படாது. மூடிய அமைப்பில் இருக்கும் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகும், அப்புறம் அரிப்பு மந்தமாகிவிடும். புதுத் தண்ணீர் ஏற்றும் ஒவ்வொரு முறையும் புது ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, தண்ணீரில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பானும் நீர்த்துப்போகிறது. கால் சுற்று நட்டை இறுக்கியதும் கசிவு நின்றது.

பம்புக்குப் புதுத் தலை போட்டார். ஆனால் வட்டத்தில் இருக்கும் சேறு மறுபடி அங்கேதான் வந்து சேரும் என்பதால், சுத்திகரிக்கும் திரவம் ஊற்றிச் சில நாள் ஓடவிடச் சொன்னார். பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்து இணைத்து, வேகமான நீரோட்டத்தைத் திசை மாற்றி மாற்றி, ஒவ்வொரு ரேடியேட்டராக அடித்துக் கழுவினார். ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்டக் கறுப்பு வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தெளிந்தபிறகு அரிப்புத் தடுப்பானை ஊற்றி மூடினார். போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் இப்போது 15 டிகிரி அளவில்தான் வித்தியாசம்.

இன்னொன்றையும் அவர் மாற்றினார். பாய்லரின் முழுத் திறன் வெந்நீரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தது. ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த அளவுக்குச் சூட்டை வெளியேற்ற முடியாது. சூடாக்கலுக்கான உச்ச அளவை மட்டும் அமைப்பு மெனுவில் குறைத்து வைத்தார். தண்ணீர் வெப்பநிலையை 65-க்கு இறக்கினோம். திரும்பும் தண்ணீர் ஏறத்தாழ 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்து அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கும், அதனால் கேஸும் மிச்சம்.

மிதமான குளிர் நாளில் பாய்லர் இன்னும் நின்று நின்றுதான் எரிகிறது. எவ்வளவு குறைத்தாலும் அதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு, அதைவிடக் குறைவான சூடு போதும் என்றால் நின்றுதான் ஆக வேண்டும். கடும் குளிரில் நீண்ட நேரம் விடாமல் ஓடுகிறது, சிவப்பு விளக்கு அப்புறம் எரியவில்லை. ஹால் ரேடியேட்டரின் அடியில் மட்டும் கையகலத்துக்கு ஒரு குளிர்ந்த இடம் பாக்கி இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தனியாகக் கழுவ வேண்டும். சூடாக்கல் தேவைப்படாத மாதம் வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.