மறந்த வளைவு

போன டிசம்பர் நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கக் கூட்டம் நடந்த மண்டபம் பதினாலாவது மாடியில். லிஃப்ட் கிளம்பியதும் நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேனாம். ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் அதைப் பிடித்துக்கொண்டான். "ஏன்டா பாய், லிஃப்ட்னா பயமா? மந்திரமா சொல்ற?"

பயமில்லை. அது ஏற்காடு ரோடு. பிரியாணி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? "அப்படியே சங்க மலருக்கு எழுதிக் கொடுத்துடு" என்று மலர்க்குழுவினர் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, லாரி ஓட்டினார், உங்களில் பலருக்குத் தெரியும். சொந்த வண்டி கிடையாது, செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவருடையது. மலைக்குப் போகும்போது சிமெண்டு, உரம், மளிகை. திரும்பும்போது எஸ்டேட் காப்பி மூட்டை, சில நாள் சில்வர் ஓக் கட்டை. பள்ளி லீவு விட்டால் கிளீனர் அண்ணனுக்கும் கதவுக்கும் நடுவில் எனக்கு இடம். சேலத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவு. பவர் ஸ்டியரிங் எல்லாம் ஏது அப்போது? வளைவு நெருங்கினால் அத்தா செகண்ட் கியருக்கு வருவார், ஹாரனை ஒரு தடவை நீட்டி அடிப்பார், பிறகு முன்னால் சாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுப்பார். காக்கிச் சட்டையின் தோள்பட்டை முறுக்கிக்கொள்ளும். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்துத் திரும்பும் அந்த நொடியில், மூச்சு விடுகிற மாதிரி, "அல்லாஹு அக்பர்". இறங்கும்போது அதே வளைவில் "சுப்ஹானல்லாஹ்".

இது அத்தாவாகவே வைத்துக்கொண்ட பழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். துபாய் வந்தபிறகு புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பைப் புரட்டும்போது நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் சொல்கிறார்: மேட்டில் ஏறும்போது நாங்கள் தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்வோம், இறங்கும்போது தஸ்பீஹ் (சுப்ஹானல்லாஹ்) சொல்வோம். நபி (ஸல்) அவர்களின் தோழர்கள் ஒட்டகத்தில் போனபோது சொன்னதைத்தான் எங்கள் வீட்டு ஆள் லாரியில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். உயரம் ஏறுகிறவனுக்கு 'நான் உசத்தி' என்று தோன்றிவிடாமல் இருக்க அல்லாஹ்வே பெரியவன் என்பது. தாழ இறங்கும்போது, எந்தத் தாழ்வும் அண்டாத தூயவன் அவன் என்பது. மார்க்க அறிஞர்களான உலமாக்கள் இப்படித்தான் விளக்கம் சொல்கிறார்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வருவேன். இருபது வளைவு, இருபது தக்பீர். ஒரு நாள் இறங்கி அடிவாரத்து டீக்கடையில் நின்றபோது அத்தா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பதினாலுல விட்டுட்டேன்டா. எதிர்ல பஸ் ஏறி வந்துச்சில்ல, வழி விடறதுல கவனம் போயிருச்சு."

"இப்ப ஒண்ணு சேத்து சொல்லிடுங்க அத்தா" என்றேன். மதரஸாக் கணக்கு.

அத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வட்டிக்கடை பாக்கியாடா அது? விட்டுட்டோம்னு இப்ப ஞாபகம் வந்துச்சு பாரு, அதுவே அதுதான்."

அப்போது எனக்குப் புரியவில்லை. மதரஸாவில் நான் பெரிய எண்ணிக்கைக்காரன். தினம் இத்தனை திக்ரு, அதாவது இறைவனை நினைத்துச் சொல்வது, என்று ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் கணக்குக் கொடுப்பார், மறுநாள் கேட்பார். கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து "ஆயிரம், ஹஜ்ரத்" என்று கூசாமல் சொன்ன நாட்கள் உண்டு. கையில் எண்ணுகிற தஸ்பீஹ் மணி உருளும், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் நம் தமிழய்யா 'நினைவுகூர்தல்' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டிய அன்றுதான் ஏதோ உறைத்தது. "நினைத்தல் வேறு, நினைவுகூர்தல் வேறு. கூர்தல் என்றால் மிகுதல். உள்ளே ஏற்கெனவே இருப்பது மிகுவது. இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை" என்றார். என் பக்கம் பார்த்து, உங்கள் வேதத்தை மொழிபெயர்த்தவர்களும் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள் என்றும் சொன்னார். நெற்றி நிறைய விபூதி பூசிய மனிதர். எங்கே படித்தாரோ!

சில மொழிபெயர்ப்புகளில் 'தியானம்' என்று இருக்கும். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. திக்ரு என்ற அரபுச் சொல்லுக்கு நெஞ்சில் நினைப்பது, நாவால் சொல்வது என்று இரண்டு பொருளும் உண்டு. கண்ணை மூடி உட்கார வேண்டும் என்பதும் இல்லை. நின்றும் இருந்தும் படுத்தும் இறைவனை நினைப்பவர்கள் என்று குர்ஆன் 3:191 சொல்கிறது. தொழுகையே 'என்னை நினைவுகூர்வதற்காக' என்கிறது 20:14. குர்ஆனுக்கே திக்ரு என்று ஒரு பெயர் இருக்கிறது.

அத்தா சொன்னதற்கும் வசனம் இருக்கிறது. 18:24: மறந்துவிட்டால் உன் இறைவனை நினைவுகூர். மறக்கவே கூடாது என்று இல்லை. மறப்பவன் என்று தெரிந்துதான் மனிதனிடம் பேசப்படுகிறது. குர்ஆன் கண்டிக்கிற சொல் வேறு, கஃப்லத். கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. மலை ரோட்டில் அதற்கு என்ன விலை என்று லாரிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

எங்கள் பாட்டி, நன்னிக்கு வண்டி வாகனம் தெரியாது, திரிகைதான். திண்ணையில் கேழ்வரகு அரைத்துக்கொண்டே நபியவர்களின் மகள் ஃபாத்திமா நாயகியின் கதை சொல்வார். திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போய், வேலைக்கு ஓர் ஆள் கேட்டு தகப்பனார் வீட்டுக்குப் போனார்கள். நபியவர்கள் இரவில் மகள் வீடு தேடி வந்து, மகளுக்கும் மருமகன் அலீக்கும் நடுவில் உட்கார்ந்து, படுக்கும் முன் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லுங்கள், வேலைக்காரரைவிட இது மேல் என்றார்கள். அன்றிலிருந்து அலீ அதை ஒரு நாளும் விடவில்லை, ஸிஃப்பீன் போர் நடந்த இரவிலும்கூட. "கை காய்ப்பு மட்டும் போகல, பார்த்துக்க" என்று நன்னி தன் கையை விரித்துக் காட்டுவார். ஆறுதல் என்ற பெயரில் அவர் யாரையும் ஏமாற்றியதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நம் பள்ளியில் விடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? சட்டைப்பையில் தொப்பியோடு ஐந்தாறு பேர் திருமணிமுத்தாற்றங்கரை ஜாமியா மஸ்ஜிதுக்கு ஓடுவோம். திரும்பும் வழியில் தட்டுவடை செட் சாப்பிடாமல் வந்ததில்லை. ஜும்ஆ வசனமும் தொழுகை முடிந்தால் பூமியில் பரவிச் செல்லுங்கள், அவன் அருளைத் தேடுங்கள், அவனை அதிகம் நினையுங்கள் என்றுதான் சொல்கிறது. தட்டுவடையும் அருளில் சேர்த்தி என்பது அன்று எங்கள் மஸ்அலா, மார்க்கச் சட்டம்.

கிளீனர் அண்ணன் முனியப்பன் சாமி பக்தர். ஒரு நாள் கேட்டார்: "ஏன் பாய், கொஞ்சம் சத்தமாத்தான் கும்பிடறது?" அத்தா சொன்னார், "காது கேக்காதவனையா கூப்பிடறோம்? தூரத்துல இருக்கறவனையா?" இதுவும் ஹதீஸ்தான். பயணத்தில் மேடு ஏறும்போது உரக்கத் தக்பீர் சொன்னவர்களிடம் நபியவர்கள் சொன்னது. அத்தா ஆதாரம் எதுவும் சொல்லமாட்டார். சொல்லிவிட்டு கியரை மாற்றுவார்.

அத்தா மௌத்தாகி எட்டு வருடம். போன கோடையில் மகனைக் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் ஏற்காடு போனேன். வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள், இனி யாரும் எண்ண வேண்டியதில்லை. போகும்போதும் வரும்போதும் அவனுக்குத் தாத்தாவைப் பற்றியே பேசினேன். பஸ் எதிரே வந்த இடம், ஸ்டியரிங்கை இழுக்கும் விதம், முறுக்கிக்கொள்ளும் சட்டை, எல்லாம். அடிவாரத்தில் டீ கிளாஸ் கைக்கு வந்தபிறகுதான் சுருக்கென்றது.

"விட்டுட்டேன்டா" என்றேன்.

"எந்த வளைவுல அத்தா?"

"இருபதுலயும்."