எந்த ராம் நகர் சார்?

வீட்டில் ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற வயர்லெஸ், இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால் இரண்டே கேள்விதான் வரும். ஒன்று, "போலீஸ் பேசுறதெல்லாம் கேக்குமா?" கேட்கக் கூடாது, எங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் மட்டும்தான் எங்களுக்கு வேலை. இன்னொன்று, "அதான் கையில செல்போன் இருக்கே, அப்புறம் எதுக்கு இது?" சென்னையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி அளவுக்குத் தண்ணீர் திறந்து, அடையாறு கரை தாண்டி, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கியபோது இந்த ஊரில் பாதிப் பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்து டவர் கெட்டுப்போவதில்லை. தண்ணீர் ஏறிய பகுதியில் ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று கரண்டை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசல் கொண்டுவர வேண்டிய வண்டி எங்கேயோ இடுப்பளவுத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிற்கும். உயிரோடு இருக்கும் ஒன்றிரண்டு டவர் மேல் மொத்த ஊரும் ஒரே நேரத்தில் விழும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தபோது வெள்ளமே இல்லை, காற்றுதான், மரமும் மின்கம்பமும் சாய்ந்து அதே கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மறுபடியும் அதே கதை. மொட்டைமாடிக்குப் போய் ஒரு மூலையில் கையைத் தூக்கி நின்றால் ஒரு கோடு சிக்னல் வருகிறது என்று அந்த மூலைக்கு வரிசை கட்டிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, அந்த நேரத்தில் ஹாம், அதாவது இந்த ரேடியோவை வைத்திருக்கிற ஆள், என்ன செய்வான்? கையில் பிடிக்கிற 5 வாட் ஹேண்டி ஒன்று இருந்தால் நடுவில் எந்தக் கம்பெனியின் டவரும் இல்லாமல் இன்னொரு ஹாமோடு நேரடியாகப் பேசலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு தூரத்துக்கு என்பதை மழைக்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைகள் (அலையின் நீளத்தை வைத்து வந்த பெயர்) ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். சென்னை தட்டையான ஊர், பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளை விட்டால் மேடு என்று எதுவும் கிடையாது, மீதியெல்லாம் கான்கிரீட். தரையில் நின்று ஹேண்டியில் பேசினால் நாலு தெரு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். அதே ஹேண்டியை மூன்றாவது மாடி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், அதன் ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, ஆன்டெனா கேபிளை மாட்டுகிற எஸ்ஓ-239 கனெக்டரில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஐந்து செப்புக் கம்பிகளை, ஒன்று மேல்நோக்கியும் நாலு கீழே சாய்வாகவும் பற்றவைத்து ஒரு பிவிசி குழாயின் உச்சியில் நிறுத்தினால், மடிப்பாக்கத்திலிருந்து தாம்பரம் சுத்தமாகக் கேட்கிறது. திருவொற்றியூர் கேட்கவில்லை. நடுவில் ஒருவர் வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு.

உயரமான இடத்தில் ரிப்பீட்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஹேண்டி போடும் மெல்லிய சிக்னலை அது வாங்கி ஊர் முழுக்கத் திருப்பி அனுப்பும். எங்கள் ஆட்களில் நிறைய பேருக்கு அந்தச் சொகுசு பழகிவிட்டது. ஆனால் ரிப்பீட்டரும் கரண்டில் ஓடுவதுதானே? டவரை நம்பாதே என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நாமே ஒரு கம்பத்தை நம்பி உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சில பேர் ரிப்பீட்டரைத் தொடாமல் நேரடியாகவே பேசிப் பார்க்கிறோம். யாருக்கு யார் கேட்கிறார்கள், யார் வழியாகப் போனால் யாரைப் பிடிக்கலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறோம். பார்க்க ரொம்ப சலிப்பான வேலை. "ஃபைவ் நைன் சார்" (சுத்தமாகக் கேட்கிறது என்று அர்த்தம்), "கொஞ்சம் வீக்கா இருக்கீங்க சார், மாடிக்குப் போக முடியுமா?" என்பதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் நடக்காது.

சுவாரஸ்யம் செய்தி அனுப்பும் பயிற்சியில்தான். ஒருவர் ஒரு கற்பனைச் செய்தியை எழுதிக் கொடுப்பார், அது மூன்று நிலையங்கள் வழியாகக் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்த செய்தி இது: "ராம் நகர் ஐந்தாவது தெரு, இரண்டாவது மாடி, 72 வயது அம்மா, இன்சுலின் வேண்டும்." எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது, எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் இருந்தவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார், "எந்த ராம் நகர் சார்?" வேளச்சேரியில் ஒரு ராம் நகர் உண்டு, மடிப்பாக்கத்தில் ஒன்று உண்டு, நங்கநல்லூரில் ஒன்று உண்டு. மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஏரியா வேறு. படகை எந்தப் பக்கம் திருப்புவது?

அதோடு விட்டதா? நம் ஊரில் ஐந்தாவது தெரு வேறு, ஐந்தாவது குறுக்குத் தெரு வேறு, ஐந்தாவது மெயின் ரோடு வேறு, போதாததற்கு ஐந்தாவது மெயின் ரோடு எக்ஸ்டென்ஷன் என்று ஒன்று எங்கேயோ தனியாகக் கிடக்கும். வீட்டுக் கதவில் பழைய எண், புது எண் என்று இரண்டு இருக்கும். நன்றாக இருக்கிற நாளிலேயே சாப்பாடு கொண்டுவருகிற பையன் மூன்று முறை போன் செய்துதான் வீட்டைக் கண்டுபிடிக்கிறான், தெருப் பலகை தண்ணீருக்குள் போன பிறகு, வேறு ஊரிலிருந்து வந்த மீட்புக் குழுவுக்கு என்ன தெரியும்? தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வருகிறது, அவர்களில் எத்தனை பேருக்கு மடிப்பாக்கம் ஏரி எந்தத் திசை என்று தெரிந்திருக்கும்? இப்போதெல்லாம் எங்கள் செய்திகளில் ஏரியா பெயர், தெரு, பக்கத்தில் தண்ணீருக்கு மேலே தெரிகிற அடையாளம் ஒன்று (கோயில் கோபுரம், மேல்நிலைத் தொட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த அபார்ட்மென்ட், எதுவானாலும் சரி) மூன்றும் கட்டாயம்.

எண்களும் இதே மாதிரிதான் காலை வாரும். இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றாகக் கேட்கும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் அதைவிட மோசம், 90 பால் பாக்கெட் கேட்ட முகாமுக்கு 900 போய் இறங்கினால் இன்னொரு முகாமில் குழந்தைகள் அழும். ஆகவே 'தொண்ணூறு' கிடையாது, 'நைன், ஜீரோ'. மருந்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வாங்கியவர் முழுதும் திருப்பிப் படிக்க வேண்டும், படித்தது சரி என்று அனுப்பியவர் சொன்ன பிறகுதான் அது போய்ச் சேர்ந்த செய்தி. எந்த நேரம், யார் கொடுத்தது, யாருக்கு, எவ்வளவு அவசரம், எல்லாம் தாளில் இருக்க வேண்டும். முதல் தடவை வருகிறவர்களுக்கு இது பள்ளிக்கூட டிக்டேஷன் மாதிரி தெரியும், எரிச்சல்படுவார்கள். மைக்கைப் பிடித்தால் நம் ஆட்களுக்குக் கதை சொல்லத்தான் வருகிறது. "வணக்கம் சார், இங்கே நல்ல மழை சார், அதாவது என்ன விஷயம்னா" என்று ஆரம்பித்தால் அந்த அரை நிமிடத்தில் இரண்டு செய்தி போயிருக்கும். ஒருவர் பேசும்போது அந்த அலைவரிசையில் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது செல்போனில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று உறைப்பதில்லை.

கருவியைவிட இந்தப் பழக்கம்தான் பெரிது என்று நான் நினைக்கிறேன். விலை உயர்ந்த ரிக்கை, அதாவது மேசையில் வைக்கிற பெரிய ரேடியோவை, வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கிறவரைவிட, பழைய ஹேண்டியோடு ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் எனக்கு மேல்.

ஊருக்குள் பேச இரண்டு மீட்டர் போதும். கடலூர், நாகப்பட்டினம், திருச்சி என்று பேச வேண்டுமானால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 40 மீட்டர் பேண்டுக்குப் போக வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆன்டெனா என்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம், வெளிநாட்டோடு பேச அது சரிதான். ஆனால் பக்கத்து மாவட்டத்தோடு பேச, நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் நீளுகிற, சுமார் 20 மீட்டர் நீளமுள்ள டைபோல் கம்பியைத் தாழ்வாகத்தான் கட்ட வேண்டும். அப்போது அலை கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய், வானத்தில் மிக உயரத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மழை மாதிரி கீழே இறங்கும். பகலில் நன்றாக வேலை செய்யும், ராத்திரி அந்த மண்டலம் மெலிந்துவிட்டால் கடலூர் காணாமல் போய் எங்கேயோ தூரத்து நாடு கேட்கும், அப்போது அதிர்வெண்ணில் இன்னும் கீழே 80 மீட்டர் பேண்டுக்கு இறங்க வேண்டியதுதான்.

தாழ்வான கம்பி என்றாலும் மொட்டைமாடி வேண்டுமே. எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்திடம் அனுமதி கேட்டபோது "ரேடியேஷன் வரும்" என்றார்கள். மத்திய அரசு கொடுத்த லைசென்ஸின் நகலைக் காட்டினேன். "அது கவர்ன்மென்ட், இது அசோசியேஷன்" என்றார் செயலாளர், அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை. இடி விழும், பக்கத்து வீட்டு டிவி ஆடும், ஃபிளாட் விலை குறையும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் புதுக் காரணம். இத்தனைக்கும் அதே மாடியிலிருந்து பார்த்தால் நாலு செல்போன் டவர் தெரியும். மிக்ஜாமுக்குப் பிறகு மனது மாறினார்கள், தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை ஒரு கம்பி கட்டிக்கொள்ளலாம் என்று. இப்போது இரண்டாவது மாடி மாமி அதில் புடவை காயப்போடுகிறார். "மாமி, அது ஆன்டெனா" என்றால், "மழை வந்தா எடுத்துடறேன்பா" என்கிறார்.

கரண்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியே போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று இருந்தால், 100 வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் இழுத்தாலும் பெரும்பாலான நேரம் கேட்டுக்கொண்டுதானே இருக்கப் போகிறோம், ஓரிரு நாள் ஓட்டிவிடலாம். ஆனால் 2015-இல் தரைத்தளத்து இன்வெர்ட்டர்கள்தான் முதலில் மூழ்கின. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அதை மாடிக்குத் தூக்கிவிடுங்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும், சொல்லிவிட்டேன்.

2004 சுனாமியின்போது அந்தமானில் நடந்ததைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. பாரதி பிரசாத் என்ற ஹாம், வி.யு.2 ஆர்.பி.ஐ. என்பது அவருடைய அழைப்புக் குறி, அந்த டிசம்பரில் தன் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். போனது பேரிடர் வேலைக்கல்ல. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு என்பது அபூர்வம், அதனால் உலகம் முழுக்க இருக்கிற ஹாம்கள் அந்தமானைப் பிடித்துவிட்டோம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சுத்தமான பொழுதுபோக்கு. 26-ஆம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் வந்தது, தீவுகளின் தொலைபேசித் தொடர்பு போயிற்று, அதே நிலையம் தீவுகளிலிருந்து செய்தி போகிற வழியாக மாறியது. பொழுதுபோக்காகத் தினமும் கையில் எடுத்ததால்தான் அன்றைக்கு எல்லாம் தயாராக இருந்தது. அவசரத்துக்கு மட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்த கருவி அவசரத்தில் வேலை செய்து நான் பார்த்ததில்லை, பேட்டரி உப்பியிருக்கும், கனெக்டர் பச்சை பிடித்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்கே இது பிடிக்காது. மழை என்றதும் ஹேண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கூப்பிடாமலேயே தண்ணீருக்குள் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேட இன்னொரு படகு வேண்டும். நம் இடம் நிவாரண முகாமாக மாறிய பள்ளிக்கூடத்தின் வராந்தா, இல்லையென்றால் எழிலகம், ரிப்பன் மாளிகை, வட்டார அலுவலகம் போன்ற இடங்களில் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதுவும் அவர்கள் கேட்டால். காவல்துறைக்குச் சொந்த வயர்லெஸ் இருக்கிறது, தீயணைப்புத் துறைக்கு இருக்கிறது, உயிர் காக்கிற முதல் செய்திகள் அதில்தான் போகும். பால் பவுடர் எத்தனை, நாப்கின் எத்தனை, டயாலிசிஸ் போக வேண்டியவர் யார், எந்தத் தாத்தாவைப் பிள்ளைகள் தேடுகிறார்கள் என்கிற செய்திகளுக்கு அங்கே இடம் இருக்காது. அவை எங்களுக்கு. சாதாரண நாளில் மூன்றாம் ஆளுக்காகச் செய்தி கடத்த எங்களுக்கு அனுமதி கிடையாது, பேரிடர் சமயத்தில்தான் விதி அதற்கு இடம் கொடுக்கிறது, அதனாலும் யார் கேட்டு அனுப்புகிறோம் என்பது தாளில் இருக்க வேண்டும். ஒரு ரேடியோவுக்கு இரண்டு ஆள், ஒருவர் பேச, ஒருவர் எழுத. தனியாக உட்கார்ந்து இரண்டையும் செய்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் தலை சுற்றும்.

ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு: லைசென்ஸ் இல்லாமல் இந்த ஹேண்டியை வைத்திருப்பது சட்டப்படி தவறு, அதைவிட முக்கியம், நீங்கள் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் அனுமதிகளைக் கவனிக்கிற டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை, முதலாவதற்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்புவது) தெரிய வேண்டியதில்லை, ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் வேண்டும். பாடம் கஷ்டமில்லை, பிளஸ் டூ இயற்பியலில் பாதி, விதிமுறைகள் பாதி. காகித வேலையும் போலீஸ் சரிபார்ப்பும்தான் இழுக்கும். இப்போது விண்ணப்பித்தால் இந்த மழைக்குக் கைக்கு வராது, அடுத்த மழைக்கு வரலாம்.