குதிக்கால் வலிக்குக் கதிர்வீச்சு எடுத்தேன்

டோர்ட்முண்டில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நின்றபடியே செய்கிற வேலை எனக்கு. காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைத்தால் குதிக்காலில் ஆணி ஏறினது போல இருக்கும். சப்பாத்துக்குள் வைக்கிற தாங்கி, கெண்டைக்கால் பயிற்சி, மாத்திரை, அதிர்வலைச் சிகிச்சை எல்லாம் மாதக்கணக்காகப் பார்த்தும் சரிவராமல், கடைசியில் எலும்பு வைத்தியர் கதிர்வீச்சுக்கு எழுதித் தந்தார். ஜெர்மனியில் இது புதினமில்லை. அரச மருத்துவக் காப்புறுதியே காசு கட்டுகிறது.

தங்கச்சிதான் பதறிவிட்டாள். "அக்கா, ஒளிக்காமல் சொல்லுங்கோ, கான்சரோ?"

அவள் கேட்டதிலும் பிழையில்லை. காத்திருக்கும் அறையில் பாதிப் பேர் தலையில் துணி கட்டியிருந்தார்கள். வெறும் குதிக்காலோடு அவர்களுக்கு நடுவில் இருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

வைத்தியர் கணக்குச் சொன்னார்: ஒரு தடவைக்கு 0.5 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு), வாரத்தில் 2 தடவை, 6 தடவையில் மொத்தம் 3 கிரே. மார்புப் புற்றுநோய்க்கு 40, 50 கிரே வரை போகுமாம். இங்கே கலங்களைக் கொல்வதில்லை, அழற்சியை அடக்குவதுதான் நோக்கம். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்து மிகச் சிறிது, ஆனால் அறவே இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றார். அதனால்தான் இளம் ஆட்களுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. இதையெல்லாம் கேட்டபிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

சிகிச்சை என்று பார்த்தால் ஒன்றுமேயில்லை. காலைச் சரித்து வைத்து, பேனையால் கோடு போட்டுவிட்டு, மெசினை இயக்குகிற பிள்ளை வெளியே போய்க் கதவைச் சாத்துவாள். மெசின் கொஞ்சம் இரையும், முடிந்துவிடும். சப்பாத்து நாடா கட்டத்தான் கூட நேரம். அந்த மை சொக்ஸில் பிடித்தது இன்னும் போகவில்லை.

இடையில் வலி கூடிற்று. அப்படி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கடைசித் தடவை முடிந்தும் நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். பலன் தெரிய 3 மாதம்கூடப் பிடிக்கலாமாம்.

பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. மனப்பிரமையோ என்று வைத்தியரிடமே கேட்டேன். 2012இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில் சிலருக்கு 6 கிரேயும் மற்றவர்களுக்கு வெறும் 0.6 கிரேயும் கொடுத்துப் பார்த்தார்களாம். கூடக் கொடுத்தவர்களுக்கே நன்றாகக் கேட்டதாம். பிறகு எர்லாங்கன் என்கிற ஜெர்மன் நகரில் 3 கிரேயும் 6 கிரேயும் ஒரேயளவு கேட்கிறதென்று கண்டிருக்கிறார்கள். நானோ பயிற்சியையும் விடாமல் செய்துகொண்டிருந்தேன், என் காலில் எது கேட்டதென்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

தேவையென்றால் இன்னொரு சுற்றுக் கொடுக்கலாம் என்றார்கள். வேண்டாமென்றுவிட்டேன். இரட்டை வேலை நாட்களில் மட்டும் இன்னும் சுள்ளென்கிறது.