ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு விசிட்டிங் கார்டு

முதலில் அடித்த 1000 விசிட்டிங் கார்டில் பாதிக்கு மேல் இன்னும் கடையில்தான் கிடக்கிறது. வார்னிஷ் டப்பா மூடியைச் சுரண்டவும், மேஜை ஆடினால் காலுக்கு அடியில் கொடுக்கவும் ஆகிறது. நல்ல கனமான கார்டு, அதில் குறை சொல்லக்கூடாது.

சேரன்மகாதேவியில் மோட்டார் காயில் கட்டும் கடை எங்களுடையது. எரிந்துபோன மோட்டாருக்குள் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தருகிற வேலை. அப்பா காலத்தில் கார்டு என்று ஒன்று கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கேட்டால் யாராவது கையைக் காட்டிவிடுவார்கள். நான் பொறுப்புக்கு வந்த பிறகு முக்கூடல், மானூர் பக்கத்திலிருந்தும் வேலை வர ஆரம்பித்தது. வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களைவிடக் கிணற்றை நம்பி இருப்பவர்கள்தானே எங்களுக்கு வாடிக்கை. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர் கையில் கொடுத்துவிட ஏதாவது வேண்டும் என்று பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்துக்குப் போனேன்.

அங்கே நடந்த தப்பு முழுக்க என்னுடையதுதான். ஒரு ரியல் எஸ்டேட்காரருக்கு அடித்த மாதிரியைக் காட்டினார்கள். கறுப்புப் பின்னணி, தங்க எழுத்து, மேலே கண்ணாடி மாதிரி லேமினேஷன். பார்த்ததும் மயங்கிவிட்டேன். ஆங்கிலத்தில் கடைப் பெயர், புரொப்ரைட்டர் என்று என் பெயர், போன் நம்பர் மூன்று, கீழே பொடி எழுத்தில் பதினோரு வகை வேலை. ஃபேன், மிக்சி, கிரைண்டர் எல்லாம் உண்டு. பின்பக்கம் கியூஆர் கோடு. அதை ஏதோ ஒரு இலவசத் தளத்தில் செய்தேன். கொஞ்ச நாளில் அந்த இணைப்பே செத்துப்போனது.

கார்டு வந்தபோது தங்கம் சாணி மஞ்சளாகியிருந்தது. கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மைதான். அந்த நாலைக் கலந்து தங்கம் வராது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிறம் போனால் போகிறது. முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவர், எரிந்துபோன ஏழரை எச்பி மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். பிறகு பார்த்தபோது கேட்டேன். சட்டைப் பையிலிருந்து என் கார்டையே எடுத்துக் காட்டினார்.

“தம்பி, ராத்திரி மோட்டார் ரூம்ல டார்ச் அடிச்சுப் பாக்கேன், ஒரே பளபளப்பு. கண்ணாடி வேற வீட்டுல கிடக்கு. நம்பர் எங்கன இருக்குன்னே தெரியல.”

என் கார்டைப் படிக்கிற இடம் ஏசி ஆபீஸ் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ராத்திரி, ஈரக் கை, டார்ச் வெளிச்சம், வயலில் தண்ணீர் நின்றுபோன பதற்றம். அங்கே என் பெயரோ புரொப்ரைட்டர் பட்டமோ யாருக்கு வேண்டும்?

இரண்டாவது தடவை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டிடிபி கடை. அங்கே இருந்த பெண்ணிடம் பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். “அப்ப நம்பரத்தான் அண்ணாச்சி முதல்ல வைக்கணும்” என்று ஆரம்பித்தார். கார்டின் அளவு மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். அதன் நடுவில் ஒரே ஒரு நம்பர், 20 பாயிண்ட் அளவு எழுத்தில், ஐந்தைந்து இலக்கமாகப் பிரித்து. மேலே தமிழில் கடைப் பெயர், கீழே “மின் மோட்டார் காயில் கட்டப்படும்” என்று ஒரு வரி, பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி. வெளிர் மஞ்சளில் கறுப்பு எழுத்து. பொடி எழுத்து எங்கேயும் வேண்டாம் என்றார். 6 பாயிண்டில் தமிழ் அடித்தால் புள்ளி மறைந்துபோய், மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடுமாம். அப்பா குலசாமி படம் கேட்டார். கார்டு சேற்றில் விழுந்தால் மிதிபடுமே என்றேன். பேசாமல் இருந்துவிட்டார்.

பின்பக்கத்துக்குத்தான் நிறைய நேரம் யோசித்தேன். காயில் கட்டிய தேதி, எச்பி என்று இரண்டு கோடு. மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். லேமினேஷன் மேல் பால்பாயிண்ட் வழுக்கும், விரல் பட்டால் அழியும். கிழியாத கார்டு என்று பிளாஸ்டிக் மாதிரி ஒன்று உண்டு. நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அவர்களிடம் இருந்ததில் பேனா நிற்கவில்லை. கடைசியில் 300 ஜிஎஸ்எம் கனத்தில் அட்டை, முன்பக்கம் மட்டும் பளபளக்காத மேட் லேமினேஷன், பின்பக்கம் வெறும் அட்டை என்று முடிவானது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கார்டு லேசாக வளையும் என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொன்னார். வளைந்தால் வளையட்டும்.

கோட்டுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: “மூன்று லைட்டும் எரிந்தால் மட்டும் மோட்டார் போடவும்.” மும்முனை மோட்டாருக்குக் கரண்ட் மூன்று பேஸாக, மூன்று கம்பியில் வரும். மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டியில் பேஸுக்கு ஒன்றாக மூன்று லைட் இருக்கும். ஒரு பேஸ் இல்லாமல் மோட்டாரைப் போட்டால் உறுமும், சூடாகும், காயில் கருகிவிடும். எங்களுக்கு வருகிற எரிந்த மோட்டாரில் நிறைய இப்படி வந்ததுதான். அப்பா இதைப் படித்துவிட்டு, “இதப் போட்டா நம்ம கடைக்கு எவன்ல வருவான்?” என்றார்.

சரி, எல்லாம் முடிந்தது என்று பார்த்தால் எழுத்துரு. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழை அவர்களுடைய பழைய கோரல்டிரா டிசைன் மென்பொருளில் ஒட்டியதும், ‘மோ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு எழுத்துருவில் மறுபடி அடித்தார். புரூப்பில் “மின் மோட்டார்” என்பது “மீன் மோட்டார்” ஆகியிருந்ததைக் கண்டுபிடித்தது ஏழாவது படிக்கும் என் மகள். நான் இரண்டு தடவை படித்துச் சரி என்று சொல்லியிருந்தேன். ஃபைல் சிவகாசிக்குப் போகும் முன் எழுத்தையெல்லாம் கர்வ்ஸாக மாற்றிவிடுவார்கள். அப்புறம் அது எழுத்தே இல்லை, வெறும் படம்தான். தட்டித் திருத்த முடியாது.

இப்போது மோட்டார் மாட்டப் போகும்போது ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் இன்சுலேஷன் டேப் போட்டு நானே ஒட்டிவிட்டு வருகிறேன். போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மானூர் பக்கத்திலிருந்து போன். மூன்று லைட்டில் ஒன்று எரியவில்லை, மோட்டார் போடலாமா என்று கேட்டார். போடாதீங்க, பியூஸைப் பாருங்க என்றேன். பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டு, பியூஸ்தான் என்றார். அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “போச்சா?” என்றார்.