127-ம் ஒரு பென்சிலும்

மகளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரே வாரத்தில் அவளைப் பற்றி இரண்டு சேதிகள் வந்தன. வகுப்பு ஆசிரியை கூப்பிட்டு, "எழுத்து வேலை எதையும் முடிக்கிறதில்லைங்க. பாதியில நிறுத்திட்டு எங்கயோ பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. கவனக்குறைபாடு இருக்கான்னு ஒரு தடவை காட்டிடுங்க" என்றார். அதே வாரம் வீட்டுக்கு வந்திருந்த என் அண்ணன், மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் 'பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு' என்று அவளே சொன்னதைக் கேட்டுவிட்டு, "இவ மீத்திறன் குழந்தை, நீ வீணாக்கிட்டிருக்க" என்று என்னைத் திட்டினான். பிள்ளை ஒன்று, தீர்ப்பு இரண்டு.

நான் அண்ணன் பக்கம் சாய்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று இரவே இணையத்தில் ஓர் இலவச ஐக்யூ சோதனையை அவளை உட்காரவைத்துச் செய்யவைத்தேன். இருபது நிமிடத்தில் 148 என்று பட்டாசு வெடிக்கிற படத்தோடு முடிவு வந்தது. என் கணவர் அமைதியாக அதே சோதனையை எழுதினார். பாதிக் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அவருக்கு 141. அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

பிறகுதான் குழந்தைகளைச் சோதிப்பதில் பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளரிடம் போனோம். முதல் சந்திப்பிலேயே சோதனை நடக்கும் என்று நினைத்துப் போன எனக்கு ஏமாற்றம். அவர் முதலில் கேட்டது கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் செய்தாயிற்றா என்றுதான். பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும், சொல்வது பாதி காதில் விழாத பிள்ளையும் மந்தமாகத் தெரிவார்கள், கவனமில்லாதவர்களாகவும் தெரிவார்கள். அதை விலக்கிவிட்டு வந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு என்றார். இரண்டையும் முடித்துக்கொண்டு மறுபடி போனோம்.

இரண்டாவது சந்திப்பு முழுக்க எங்களிடம்தான் கேள்வி. எப்போது நடந்தாள், எப்போது முழு வாக்கியம் பேசினாள், எப்படித் தூங்குகிறாள், எதற்கு அழுகிறாள், தோற்றால் என்ன செய்வாள், சட்டைப் பொத்தான் தானே போடுவாளா. கடைசிக் கேள்வி எதற்கு என்று அப்போது புரியவில்லை. வகுப்பு ஆசிரியை நிரப்ப ஒரு படிவம், நாங்கள் நிரப்ப ஒரு படிவம். இருவரும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் எழுதியிருந்தோமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இரண்டும் வேறுவேறாக இருந்தன. "அதுவும் ஒரு தகவல்தான்" என்று சொல்லி அவர் இரண்டையும் வைத்துக்கொண்டார்.

எந்தச் சோதனை என்பதையும் அன்றே பேசினோம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் 1949-ல் குழந்தைகளுக்காக வெளியிட்ட அளவுகோலின் ஐந்தாம் பதிப்பு, 2014-ல் வந்தது, விஸ்க்-5 என்பார்கள். ஆறு வயது முதல் பதினாறு வயது வரை. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு விப்சி என்று தனியாக ஒன்று உண்டு. அவள் வயதுக்கு இரண்டையுமே கொடுக்கலாம். ஆனால் நன்றாகச் செய்யக்கூடும் என்று தோன்றும் பிள்ளைக்குப் பெரிய பிள்ளைகளின் சோதனைதான் சரி, சின்னதில் தலை கூரையில் முட்டிக்கொள்ளும், உண்மையான உயரம் தெரியாது என்றார்.

மொழியைப் பற்றியும் கேட்டார். எந்த மொழியில் சண்டை போடுவாள் என்று கேட்டார்! வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்குச் சொல்லறிவுப் பகுதி மட்டும் தாழ்ந்து வந்தால் அது அறிவுக் குறைவு ஆகாது. அந்த மொழியில் புழங்காத குறைதான். என் மகள் இரண்டிலும் சரளமாகச் சண்டை போடுவாள் என்பதால் அது எங்களுக்குப் பெரிய சிக்கலாகவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: சோதனை எந்த மொழியில், ஒப்பிடுவது எந்தப் பிள்ளைகளோடு?

இடையில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. சோதனைக்கு இரண்டு வாரம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று புதிர்ப் புத்தகங்கள் வாங்கித் தினமும் அரை மணி நேரம் செய்யவைத்தேன். உளவியலாளர் ஃபோனில், "பயிற்சி எதுவும் கொடுக்கலையே?" என்று சாதாரணமாகக் கேட்டபோது வாயடைத்துப் போனேன். பழகாத பிள்ளைகளை வைத்துத்தான் அளவுகோலே செய்யப்பட்டிருக்கிறது. பழக்கிக் கூட்டிப்போனால் நம் பயிற்சியைத்தான் அளக்க முடியும். பிறகு அந்தக் கூடுதல் எண்ணுக்கு ஏற்ப ஒரு வகுப்பில் உட்காரவைத்து, அவஸ்தைப்படப்போவது யார்? புத்தகங்களைப் பரணில் போட்டேன். குறித்த நாளன்று அவளுக்குச் சளி பிடித்திருந்தது, தள்ளிப்போட்டோம். அதற்கு அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

அவளிடம் 'டெஸ்ட்' என்று சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். "ஒரு மேடம் உன்கூட உட்கார்ந்து புதிர், கட்டை, படம் எல்லாம் வச்சுச் செய்வாங்க. சிலது ரொம்ப சுலபமா இருக்கும், சிலது பெரிய பிள்ளைங்களுக்கு உள்ளது" என்று மட்டும் சொன்னேன். பின்பாதி அவரே சொல்லித்தந்த வாக்கியம். அதன் அருமை சோதனை முடிந்த பிறகுதான் தெரிந்தது.

பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. வெளியே ஒரு நாற்காலி. நடுவில் ஒரு சிறு இடைவேளையோடு ஒன்றரை மணி நேரம் ஆனது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்புச் சத்தம் இரண்டு முறை கேட்டது, பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரு பத்திரிகையின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வெளியே வந்தவள் முதலில் சொன்னது: "அம்மா, ஒவ்வொண்ணும் கடைசியில எனக்குத் தெரியாத கேள்வியாவே வந்துச்சு." அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பகுதிகளில் பிள்ளை தொடர்ந்து சில கேள்விகளைத் தவறவிடும்வரை கடினம் கூடிக்கொண்டே போகும். ஆக எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் தோற்ற நினைவோடுதான் எழுந்து வரும். முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் என் மகள் அன்று அழுதிருப்பாள். என்னென்ன கேட்டார்கள் என்று நானும் துருவவில்லை. கேள்விகள் வெளியே கசிந்தால் அடுத்த பிள்ளைக்கு அந்தச் சோதனை கெட்டுப்போகும், அதனால் தெரிந்த ஒன்றிரண்டையும் எழுதப்போவதில்லை. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை மட்டும் சொல்லலாம், அவை ஊரறிந்த ரகசியம்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை. ஒன்பது பக்கம். என் கணவரும் நானும் ஆளுக்கொரு மூலையில் இருந்து படித்து முடித்தபோது நேர்ந்த குழப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 'வேகம்: 92' என்ற இடத்தில் அவர், "92 எடுத்திருக்காளே, நல்ல மார்க்தானே" என்றார். அதே வரியில் பர்சன்டைல் 30 என்று இருந்ததைப் பார்த்து நான், "முப்பதா? ஃபெயிலா?" என்றேன். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே 100 என்பது முழு மதிப்பெண் அல்ல, அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரி. 85-க்கும் 115-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். பர்சன்டைல் என்பது வரிசையில் எங்கே நிற்கிறாள் என்பது: 30 என்றால் நூறு பேரில் முப்பது பேர் அவளுக்கு இணையாக அல்லது பின்னால். சராசரிக்குள்தான்.

எண்கள் இப்படி. சொல்லறிவு 133. புதியதைத் தர்க்கத்தால் கண்டுபிடிப்பது 134. வடிவங்களைக் கையாள்வது 120-களில். கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒர்க்கிங் மெமரி 110-ஐ ஒட்டி. வேகம் அந்த 92. எல்லாம் சேர்த்த முழு ஐக்யூ 127.

பல இடங்களில் 130-ஐத்தான் மீத்திறனின் வாசல்படி என்று வைத்திருக்கிறார்கள். சுமார் நூற்றில் இரண்டு பேர் தாண்டும் படி. மூன்று எண் குறைவு. பக்கத்தில் '95% நம்பகத்தில் 121 முதல் 131 வரை' என்று அச்சிட்டிருந்தது என் கண்ணில் படவே இல்லை. உளவியலாளர்தான் பென்சிலால் அதை வட்டமிட்டுக் காட்டினார். வேறொரு நாள் உட்கார்ந்திருந்தால் 124 வந்திருக்கலாம், 130-ம் வந்திருக்கலாம். வாசல்படியைத் தாண்டினாளா இல்லையா என்று கேட்கும் அளவுக்கு இந்தத் தராசு நுணுக்கமானது அல்ல.

பிறகு அவர் ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். எண்களே இல்லாத, அவர் கவனித்து எழுதிய பக்கம். இரண்டு நிமிடத்துக்குள் குறியீடுகளை வேகமாக எழுதிக்கொண்டே போக வேண்டிய பகுதியில் என் மகள் ஒவ்வொரு குறியீட்டையும் மூலத்தைப் போலவே அழகாக வரைந்திருக்கிறாள். கோணலாகிவிட்ட ஒன்றைத் திருத்தத் திரும்பிப் போயிருக்கிறாள். பென்சிலை விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள், நடுவில் கையை உதறிக்கொண்டாள். ஒரு தவறுகூட இல்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு. சட்டைப் பொத்தான் கேள்வி அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

வகுப்பில் எழுத்து வேலை முடியாததற்கும் இதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்றார். மூளை மூன்றாவது வரியில் இருக்கிறது, கை முதல் வரியில். சலித்துப்போய் நிறுத்திவிடுகிறாள். கவனக்குறைபாட்டை இந்தச் சோதனை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது, தள்ளவும் முடியாது. படிவங்களிலும் அவர் பார்த்ததிலும் அதற்கான வலுவான அடையாளம் இல்லை. பென்சில் பிடிக்கும் விதத்துக்கு, கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்கள் என்றார். கெட்டிக்காரப் பிள்ளைகளில் வேகம் மட்டும் பின்தங்குவது அபூர்வம் அல்லவாம். அதனால்தான் ஞாபகத்தையும் வேகத்தையும் விலக்கிவிட்டு, சிந்திக்கும் திறனை மட்டும் கூட்டும் ஜிஏஐ என்ற இன்னோர் எண் உண்டு. அவளுக்கு அது 135.

அன்று இரவு தூக்கம் வராமல் பழைய வரலாற்றைத் தோண்டினேன். 1905-ல் உளவியலாளர் பினேவும் அவருடைய கூட்டாளி சிமோனும் பிரான்சில் முதல் அறிவுத்திறன் சோதனையைச் செய்தது மேதைகளைத் தேட அல்ல. பள்ளியில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. அதை அமெரிக்காவில் மேதை தேடும் வலையாக்கியவர் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர். 1921-ல் தொடங்கி ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகளுக்கு மேல் பொறுக்கி எடுத்து ஆயுள் முழுதும் பின்தொடர்ந்தார்கள். அந்த வலையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும், பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் வாங்கினார்கள். மூன்று எண்ணுக்காக மனம் கசந்துகொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு அந்த நேரத்தில் இதைவிட இனிப்பான தகவல் வேறென்ன!

பள்ளிக்கு அறிக்கையைக் கொடுத்தோம். அவர்களுடைய மேம்பட்ட பிரிவுக்கு 130 வேண்டும், 127 போதாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. அந்த ஒன்பது பக்கத்தில் அவர்கள் ஒரே ஓர் எண்ணைத்தான் படித்திருந்தார்கள், நானும் முதல் நாள் செய்த அதே தவறு. உளவியலாளர், ஜிஏஐயை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதித்தந்தார். மூன்று மாதம் இழுத்தது. கடைசியில் பிரிவில் சேர்க்கவில்லை; ஆனால் கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரலாம், எழுத்து வேலையில் பாதியை வாயால் சொல்லலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவதுதான் என்று அது கிடைத்த பிறகுதான் தெரிந்தது.

எண்ணை அவளிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை, அவன் வாரம் ஒரு முறை கேட்கிறான். அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "உன் மண்டை வேகமா ஓடுது, கை மெதுவா வருது. கைக்குக் கொஞ்சம் பழக்கம் கொடுக்கப் போறோம்." அவளும் நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினாள்.

இப்போது அவளுக்கு ஒரே குறை அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டைகள். அதே மாதிரி வாங்கித்தரச் சொல்லி நச்சரிக்கிறாள். பத்து வயதில் மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார்கள், அதுவரை தர முடியாது. காரணத்தை விளக்கவும் முடியவில்லை. நாள்காட்டியில் தன் பத்தாவது பிறந்தநாளுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுச் சுவரில் எழுதிவைத்திருக்கிறாள், மெதுவாக, மிக அழகான கையெழுத்தில்.