பதோலாத்தோவில் ஒரு கல் வீடு

இத்தாலியில் வீடு வாங்கியிருக்கிறோம் என்று சொன்னால் எல்லோருக்கும் தொஸ்கானாவும் அமல்ஃபியும்தான் நினைவுக்கு வருகின்றன. நாங்கள் வாங்கியது அங்கிருந்து வெகு தெற்கே, இத்தாலிச் சப்பாத்தின் முன்பாதமான கலாப்ரியாவில், அயோனியன் கடல் பக்கம். விலை 28,000 யூரோ. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரில் நிலக்கீழ் கார் நிறுத்துமிடம் ஒன்றுக்கு இந்தப் பணத்தைக் கேட்கிறார்கள்.

ஊரின் பெயர் பதோலாத்தோ. கதன்சாரோ மாகாணத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் வளைந்து ஏறினால் வரும் மலைக் கிராமம். 1951இல் பெருவெள்ளம் வந்த பிறகு சனம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கடற்கரையோரம் பதோலாத்தோ மரீனா என்று புது ஊர் கட்டிக்கொண்டது. இன்னும் பலர் வட இத்தாலிக்கும் சுவிஸுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். மேலே வீடுகள் பூட்டியபடி கிடந்தன. 1986இல் 'விற்பனைக்கு ஒரு ஊர்' என்றே இதை அறிவித்தார்கள், அப்போதிருந்து வெளிநாட்டவர் வந்து வாங்குகிறார்கள்.

எனக்கு இந்த ஊரின் பெயர் வேறு வழியில் தெரியும். 1997 டிசம்பர் 26ஆம் திகதி அராராத் என்ற கப்பல் எண்ணூறுக்கு மேற்பட்ட அகதிகளோடு இந்தக் கரைக்கு வந்தது, பெரும்பாலும் குர்திஷ் மக்கள். ஊரவர்கள் மேலே பூட்டிக் கிடந்த வீடுகளில் கொஞ்சத்தைத் திறந்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நேரம் நான் ஜெர்மனியில் ஒரு அகதி விடுதியில் ஆறு பேரோடு ஒரே அறையில் இருந்தேன், செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம், பாஷை விளங்கவில்லை, ஆனால் வாசலில் நின்று போர்வை கொடுத்த கிழவிகளின் முகம் விளங்கியது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்து வீடு தேடும்போது அந்தப் பெயர் பட்டியலில் வந்ததும், மற்ற ஊர்களைப் பார்க்கிற ஆர்வமே எனக்குப் போய்விட்டது.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். ஓகஸ்டில் போய்ப் பார்த்து வாங்காதீர்கள். நாங்கள் முதலில் போனது நவம்பரில். லமேத்சியா விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணித்தியாலம் அளவில். மழை. மேல் ஊரில் பத்துக் கதவுக்கு ஒரு கதவில்தான் ஆள் இருந்தது. சுவரின் ஈரம் எதுவரை ஏறுகிறது, பூஞ்சணம் எந்த மூலையில், இரவில் தெருவிளக்கு எரிகிறதா, பாண் வாங்க எவ்வளவு தூரம், எல்லாம் அந்த மூன்று நாளில் தெரிந்துவிட்டது. வாசல் வரை கார் வராது, சீமெந்து மூட்டையைக்கூட ஒழுங்கையால் தோளில் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும், அந்தக் கூலியும் திருத்தச் செலவில் சேரும்.

முதலில் எங்களுக்குப் பிடித்தது இந்த வீடு இல்லை. 18,000 யூரோவுக்கு ஒன்று, மொட்டை மாடியில் நின்றால் நேரே கடல். மனைவி அங்கேயே நின்றுவிட்டா. தரகர் "எல்லாப் பத்திரமும் சரி" என்று சொல்லி, அன்றைக்கே முற்பணம் தரச் சொன்னார். நல்லவேளை, பக்கத்து ஊரில் வேலை செய்கிற ஒரு தமிழ் அண்ணை "ஜியோமெத்ரா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் காசு குடுக்காதை" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜியோமெத்ரா என்றால் நில அளவை, கட்டட வரைபடம், அனுமதி எல்லாம் பார்க்கிற ஆள். அவர் நகரசபைக்குப் போய் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அந்த மொட்டை மாடியும் கீழே இருந்த குளியலறையும் படத்திலேயே இல்லை. அனுமதி இல்லாமல் பிறகு கட்டியவை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு வீடுகளில் பலர் மாட்டுப்படுவது இங்கேதான். 1967 செப்டம்பர் 1ஆம் திகதிக்கு முன் கட்டிய வீடு என்றால், அப்படி என்று விற்பவர் உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) எழுதிக்கொடுத்தால் போதும், கட்டட அனுமதி இலக்கம் காட்டத் தேவையில்லை. பழைய கல் வீடுகள் எல்லாம் இதற்குள் வந்துவிடும் என்று தரகர்கள் சொல்வார்கள். வீடு வரும், அதற்குப் பிறகு கூட்டிக் கட்டியது வராது. 2010இலிருந்து வீடும் பதிவிலுள்ள வரைபடமும் ஒத்துப்போகின்றன என்று உறுதியில் சொல்லியே ஆகவேண்டும். அந்த வீட்டை விட்டுவிட்டோம். மனைவி இன்னும் அந்தக் கடலைச் சொல்லுவா.

இப்போது வாங்கிய வீட்டுக்கு ஐந்து உரித்தாளர்கள், இரண்டு பேர் கனடாவில். முதுசக் காணி ஒன்றை யாழ்ப்பாணத்தில் விற்றுப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பங்கை வெளியாருக்கு விற்க முன் பங்காளிக்குச் சொல்ல வேண்டும் என்று நமது யாழ்ப்பாணச் சட்டமான தேசவழமையில் இருப்பதைப் போல, இத்தாலியச் சட்டத்திலும் கூட்டு வாரிசுகளுக்கு முன்னுரிமை இருக்கிறது. எல்லாருடைய கையெழுத்தும் வந்துசேர ஒன்பது மாதம் ஆனது. அதுவரை பத்து வீத முற்பணத்தோடு ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தோம். அந்த முற்பணத்தை 'கபார்ரா கொன்ஃபிர்மதோரியா' என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி எழுதினால் வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போகும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும்.

உறுதி முடிப்பது நொத்தாரிசின், அதாவது உறுதி எழுதிப் பதிகிற சட்ட அலுவலரின் முன். எனக்கு இத்தாலியன் போதாது, அதனால் உறுதி இரண்டு மொழியில் எழுதி மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார், அதற்குத் தனிச் செலவு. வரி விற்பனை விலையில் இல்லை, பதிவேட்டிலுள்ள மதிப்பில். பதிவேட்டில் வீட்டுக்குக் குறித்திருக்கிற வருட வருமான மதிப்பை 'ரெண்டிதா' என்பார்கள், எங்கள் வீட்டுக்கு அது 150 யூரோ. இரண்டாவது வீடு என்பதால் அதை 126ஆல் பெருக்கினால் 18,900, அதில் 9 வீதம், 1,701 யூரோ. அங்கேயே வசிக்கப் பதிந்தால் 2 வீதம்தான், ஆனால் எவ்வளவு குறைந்தாலும் 1,000 யூரோ கட்டவேண்டும். வருடாந்த வீட்டு வரி எங்களுக்கு 300 யூரோவுக்குள் வருகிறது. திருத்தத்துக்கு இதுவரை 31,000 போய்விட்டது, வீட்டு விலையைவிடக் கூட. கூரையும், சுவர்களை இரும்பால் இழுத்துக் கட்டியதும்தான் பெரிய செலவு. இது பூமியதிர்ச்சிப் பிரதேசம், 1783இலும் 1908இலும் கலாப்ரியாவில் ஊர் ஊராக இடிந்திருக்கின்றன. சுவர் வேலையில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிலர் கேட்கிறார்கள், வீடு வாங்கினால் இத்தாலி வதிவிட அனுமதி தருமா என்று. தராது. நான் ஜெர்மன் குடியுரிமையோடு வாங்கினேன். ஐரோப்பாவில் அனுமதி இல்லாதவர்கள் வீடு இருந்தாலும் 180 நாளில் 90 நாள்தான் நிற்கலாம், வாங்கமுடியுமா என்பதே இரு நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. நொத்தாரிசிடம் எல்லாவற்றுக்கும் முதல் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

வயதான காலத்தில் அங்கேயே போய் இருக்கலாமா என்றால், எனக்குத் தயக்கம் இருக்கிறது. கலாப்ரியாவின் சுகாதாரத் துறையில் வைத்தியர்கள் போதாமல், 2023 தொடக்கத்திலிருந்து கியூபாவிலிருந்து வைத்தியர்கள் வந்து ஆஸ்பத்திரிகளை நடத்த உதவுகிறார்கள். எங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரி சொவெராத்தோவில். நெஞ்சுவலி வந்த இரவில் அந்த மலைப் பாதையால் இறங்குவதை நினைத்துப் பார்த்துத்தான், முழுதாகக் குடிபோவதில்லை, வருடம் மூன்று மாதம் என்று முடிவெடுத்தோம்.

சாவி இப்போது எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. எண்பது வயது தாண்டியவ. கப்பல் வந்த நாளை ஞாபகமா என்று ஒருமுறை கேட்டேன். உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்துவந்து காட்டினா. அவவின் அடுப்படியில் நான்கு குர்திஷ் பிள்ளைகள் பாஸ்தா சாப்பிடுகிறார்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் நாகதாளிப்பழம் தோல் சீவித் தந்தா. ஒக்டோபரில் யன்னல்கள் வருகின்றன, திறந்துவிட அவவே இருப்பா.