கார்புரேட்டருக்குள் உறைபனி

என்னுடையது பழைய மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய ஏற்பாடு. போன ஆடியில் சும்மா இருக்க முடியாமல் ஏர் கிளீனர் டப்பாவைக் கழற்றிப் பரணில் போட்டேன். அதற்குப் பதிலாகக் கோன் ஃபில்டர் ஒன்றை மாட்டி, கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு பைப்பையும் இழுத்துவிட்டேன். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இன்ஜினுக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கு. ஊட்டி இருப்பதோ 2,240 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். இதில் பைப் போட்டு என்ன பவரைப் பிடித்துவிடப் போகிறேன்? சத்தம் மட்டும் கம்பீரமாக வந்தது. அதற்கே கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. லவ்டேலிலிருந்து கேத்தி வழியாகக் குன்னூருக்கு இறங்கும்போது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஐடிலிங் தடுமாறும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் ஆஃப். ஓரங்கட்டி ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, ஜெட்டைக் கழுவியாயிற்று, பிளக்கும் புதுசு. பணம் போனதுதான் மிச்சம்.

பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. "மஞ்சு மூடுனாத்தான் நிக்குதா தம்பி? வெயில்ல நிக்கலையே? அடுத்த தடவை நின்ன உடனே திறந்து பாரு" என்றார்.

அடுத்த தடவை மூன்றே நாளில் வந்தது. தூறல், எதிரே வரும் பஸ்ஸின் லைட்கூடத் தெரியாத மஞ்சு, வெளியே 9 டிகிரி. வண்டி நின்றதும் பானெட்டைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்தேன். கார்புரேட்டரின் வெளிப்பக்கம் ஐஸ் வாட்டர் சொம்பு மாதிரி வியர்த்திருந்தது. உள்ளே, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றுக்கு வழிவிடும் த்ராட்டில் தகட்டின் ஓரம் சுற்றிலும் வெள்ளையாக, ஃப்ரீசர் சுவரில் படிகிற மாதிரி. விரல் நகத்தால் சுரண்டினேன், சொரசொரவென்று வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து ஏறிய இன்ஜின் சூட்டில் உருகிச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. ஐந்து நிமிட ரகசியம் அதுதான்.

பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது. குறுகிய தொண்டையில் காற்று விரைவதாலும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் 20 டிகிரிகூட இறங்கும். ஆக வெளியே 9 இருந்தாலும் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழேதான். ஈரம் இருந்தால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இறக்கத்தில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருப்பதால், துளி ஐஸே வழியை அடைத்துவிடும். திரும்பி மேலே ஏறும்போது ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், தை மாதம் தலைகுந்தா புல்வெளி உப்புக் கொட்டிய மாதிரி வெளுத்துக் கிடந்த காலையில் ஆறு மணிக்கே வண்டியை எடுத்தேன். சோக் போட்டு ஸ்டார்ட் பண்ணியதோடு சரி, எங்கேயும் நிற்கவில்லை. அந்தக் குளிரில் காற்றில் ஈரமே அவ்வளவு இருக்காது. எனக்கு எதிரி உறைபனி இல்லை, மஞ்சுதான்.

அப்புறம் பரணிலிருந்து டப்பா இறங்கியது. இன்ஜின் புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிபோல்டைச் சுற்றி ஒரு தகரக் கவசம், அதிலிருந்து சூட்டுக் காற்றை இழுக்க டப்பாவின் மூக்குக்கு கிச்சன் சிம்னிக்குப் போடும் அலுமினியப் பைப் மாதிரி மெல்லிய ஒன்று. முதலில் எண்ணெய் டின்னை வெட்டிக் கம்பியால் கட்டினேன். கேத்தி போவதற்குள் கடகடவென்று ஆடி, பெயின்ட் கருகிய நாற்றம் வண்டிக்குள் வந்தது. இரண்டாவது தடவை ஜிஐ ஷீட்டை மடித்து, மேனிபோல்ட் போல்ட்டிலேயே சேர்த்து முடுக்கினேன். ஒயர் சென்சார் வைத்துப் பார்த்ததில் வெளியே 10 டிகிரி, டப்பாவுக்குள் 36. மஞ்சில் நான்கு முறை குன்னூர் போய்வந்துவிட்டேன், ஒரு முறைகூட நிற்கவில்லை. கோன் ஃபில்டரை மச்சான் கேட்டான், கொடுத்துவிட்டேன். அவன் வண்டி திருப்பூரில் ஓடுகிறது.

ஒரு குறை. மேட்டுப்பாளையம் இறங்கினால் அந்தச் சூட்டுக் காற்றில் வண்டி மந்தமாகிறது, மேட்டில் டொக்டொக்கென்று தட்டுகிறது. இப்போதைக்குப் பர்லியாறில் நிறுத்தி, பைப்பைக் கையால் உருவி ஓரமாகக் கட்டிவைக்கிறேன். சூடு ஆறும்வரை ஒரு டீ. பழைய சோக் கேபிள் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை வைத்து உள்ளிருந்தே இழுக்கிற மாதிரி ஒரு மூடி செய்ய வேண்டும்.